இரண்டு மூட்டைச் சூடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பழகியவன் அல்ல. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, அதற்கு மேல் மூன்றாம் படிவம், அவ்வளவுதான் படிப்பு. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். இந்தப் பகுதியில் மற்ற வாசகர்கள் எழுதுவதை ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பேன். நானும் எழுதலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. என் மனைவிதான், "வாயால சொல்ல வெட்கம், சரி. கையால எழுதுறதுக்கு என்னா வெட்கம்?" என்று கேட்டாள். அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன், மார்கழி பிறந்த சமயத்தில் இது நடந்தது. இடம், சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிற பாதை. நாங்கள் கெடாக்காரர்கள். நான் பிறந்தது பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில். இப்போது சுங்கைப்பட்டாணி, பாக்கார் ஆராங்கில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு லோரியில் கெலிண்டான் வேலைக்குச் சேர்ந்தேன். ஓட்டுநருக்குத் துணையாக உட்கார்ந்து போவது, சரக்கை ஏற்றுவது, இறக்குவது, கயிறு கட்டுவது, இதெல்லாம் கெலிண்டானின் வேலை. பேச வேண்டிய அவசியம் அதிகம் இல்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் சரக்கு கோழி எரு. திகாம் பத்து பக்கத்தில் ஒரு கோழிப் பண்ணையில் ஏற்றி, கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். இந்த எருவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பாதி மக்கிய எரு தானாகவே சூடாகும். மூட்டை கட்டி அடுக்கினாலும் அந்தச் சூடு போகாது. ஓரத்து மூட்டைகள் ஆறிவிடும். நடுவில் மாட்டிக்கொண்ட மூட்டையைத் தோளில் ஏற்றினால் முதுகு சுடும். கெடா வெயிலில் அது பெரிய தொந்தரவு. என் முதுகில் எப்போதும் வேர்க்குரு இருக்கும்.

ஓட்டுநர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். அந்த வருடம் அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். முதல் தடவை. அவருடைய மகளுக்குப் பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை. அறுவைச் சிகிச்சை நடந்த அன்று, ஆஸ்பத்திரியில் கார் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டு, பிள்ளை பிழைத்தால் சபரிமலைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். பிள்ளை பிழைத்துவிட்டது. விரதத்தில் ஏதாவது குறை வந்தால் அது பிள்ளையைப் போய்ச் சேரும் என்று அவர் நம்பினார். என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை இறுகியிருந்தது.

மாலை போட்டவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலில் செருப்பு கிடையாது. மெத்தை, தலையணை கிடையாது. காலையில் சூரியன் வருமுன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். அவர் ஒருவேளைச் சோறுதான் சாப்பிட்டார், அதுவும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது. கடைச் சாப்பாடு தொடமாட்டார். அவரை எல்லாரும் சாமி என்று கூப்பிட வேண்டும். அவரும் எல்லாரையும் சாமி என்பார். எரு மூட்டை தூக்குகிற என்னை ஒருவர் சாமி என்று கூப்பிட்டால் எனக்குத் திரும்பிப் பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

விரதக்காரர் கோழி எரு லோரி ஓட்டுவதில் உள்ள சங்கடத்தைப் பண்ணையில் யாரும் சும்மா விடவில்லை. மூட்டை தைக்கிற அக்கா ஒருவர், "சாமி, நீங்க வந்தா ஊதுபத்தி வாசம் வரும்னு பார்த்தேன். ஒண்ணுமே வரலியே!" என்பார்.

"வாசம் மனசுல இருக்கு சாமி. நீங்க மூட்டைய தைங்க" என்பார் இவர்.

வேலையை விட முடியாது, விரதத்தையும் விட முடியாது. அதனால் நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். எரு சம்பந்தப்பட்ட எதையும் அவர் தொடமாட்டார். ஏற்றுவது, இறக்குவது எல்லாம் நானும் தோட்டத்து ஆட்களும். லோரியின் கேபின் அவருக்குக் கோயில் மாதிரி. முன் கண்ணாடியின் மேலே ஐயப்பன் படம், அதற்கு ஒரு சின்ன மாலை. நான் உள்ளே ஏறுமுன் கை கால் கழுவி, சட்டை மாற்றி, பூட்ஸை வெளியே பெட்டியில் போட்டுவிட்டு ஏற வேண்டும். எருவின் துணுக்கு ஒன்றுகூடக் கேபினுக்குள் வரக்கூடாது. அவர் இதைக் கட்டளையாகச் சொல்லவில்லை. பிள்ளைக்காகக் கேட்டார். நானும் ஒருநாளும் தவறவில்லை.

அன்று காலை ஏற்றி முடித்தபோது வெயில் நன்றாக அடித்தது. அவர் விடியலில் குளித்துத் துவைத்த வேட்டியையும் சட்டையையும் கேபினுக்குப் பின்னால், சரக்குப் பலகைக்கு முன்னால் உள்ள கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். ஓடுகிற லோரியில் காற்றுக்குக் காய்ந்துவிடும், தினமும் அப்படித்தான் செய்வார். கட்டிச் சோற்றை ஈப்போவுக்கு இந்தப் பக்கம் ஓய்விடத்தில் சாப்பிட்டு முடித்தார். நான் சிம்பாங் பூலாயில் ஒரு கடையில் கோழிக் குழம்பும் சோறும் தின்றேன். பிளாஸ்க்கில் காப்பி வாங்கிக்கொண்டேன்.

மலை ஏற ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. பாதி மலை ஏறியிருப்போம். சரக்கை மூடியிருந்த கென்வாஸின் கயிறு ஒன்று அறுந்து, கென்வாஸ் பாய்மரம் மாதிரி அடிக்க ஆரம்பித்தது. எரு நனைந்தால் மூட்டைக்கு ஒருபங்கு கனம் கூடும். பாதையில் ஒழுகினால் போலீஸ் பிடிக்கும். ஓரமாக நிறுத்தினோம். நான் மழைக்கோட்டையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு மேலே ஏறினேன். காற்றில் என் ஒருவன் கைக்குக் கென்வாஸ் அடங்கவில்லை. அவர் இறங்கி வந்து கீழே நின்று கயிற்றைப் பிடித்தார். கயிறுதானே, எரு இல்லையே என்று நினைத்திருக்கலாம். வெறுங்கால், ஒற்றை வேட்டி, மெல்லிய கறுப்புச் சட்டை. அரைமணி நேரம் அப்படியே நின்றார். கட்டி முடித்தபோது அவர் உடம்பில் காய்ந்த இடம் என்று ஒன்று இல்லை.

கம்பியில் தொங்கிய மாற்று வேட்டி அதைவிட மோசம். பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும்.

"பரவால்ல சாமி, மேல போயி தோட்டத்துல காயப்போட்டுக்கலாம்" என்றார்.

இன்னும் கொஞ்ச தூரம் ஏறியதும் முன்னால் வண்டிகள் நின்றிருந்தன. மேலே மண் சரிந்து பாதையை மூடிவிட்டது என்றார்கள். எங்களுக்குப் பின்னாலும் வண்டிகள் வந்து நின்றுவிட்டன. திரும்பவும் வழியில்லை. இயந்திரம் வந்து மண்ணை அள்ளக் காலையாகும் என்று யாரோ ஒருவர் ஒவ்வொரு வண்டியாகத் தட்டிச் சொல்லிக்கொண்டு போனார். இருட்டிவிட்டது. கைப்பேசியில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

எங்களுக்குப் பின்னால் ஒரு மலாய்க்காரரின் லோரி. மேலிருந்து காய்கறி ஏற்றிவர வெறும் கூடைகளோடு போகிறார். தனி ஆள். மழை சற்று விட்டபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் கதவருகே வந்தார்.

"அன்னே, பூசோக் லா!" என்றார். நாற்றம் தாங்கவில்லை என்று அர்த்தம். இராத்திரி முழுக்க உங்கள் லோரிக்குப் பின்னால் படுக்க நான் என்ன பாவம் செய்தேன் என்று மலாயில் கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரிக்கும்போதே எங்கள் ஓட்டுநரின் பற்கள் அடித்துக்கொண்டன.

கெடாவில் இருக்கிறவர்களுக்குக் குளிர் என்றால் ஏர்கோன்தான். அதை அடைத்தால் குளிர் போய்விடும். மலைக் குளிரை அடைக்க விசை எதுவும் இல்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. நம் ஊர் லோரிகளில் குளிரவைக்க வசதி உண்டு, சூடாக்க வசதி கிடையாது. இஞ்சினை ஓடவிட்டால் கால் வைக்கிற இடம் கொஞ்சம் சூடாகும். ஆனால் முன்னும் பின்னும் வண்டிகள் ஒட்டி நிற்கின்றன, புகை போக இடமில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு இஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினவர்கள் எழுந்திருக்காத கதை நாங்கள் கேட்டிருக்கிறோம். அணைத்துவிட்டோம். இருந்த சூடும் சீக்கிரம் போய்விட்டது. கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்து தண்ணீராக வழிந்தது.

இருக்கைக்குப் பின்னால் ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கிற பலகை இருக்கிறது. அதில் என் போர்வை கிடந்தது. எடுத்து நீட்டினேன்.

"வேணாம் சாமி. நீங்க கோழி சாப்புட்டு வந்து படுக்கிற போர்வை" என்றார். முகத்தில் குறை சொல்கிற தோரணை இல்லை. கணக்குச் சரியில்லை என்று சொல்வது மாதிரி சொன்னார்.

"காப்பியாவது குடிங்க."

"அது கோழி வறுக்கிற கடையில போட்டது."

"என் ஜேக்கெட்?"

"அது எரு ஏத்தையில போடுறது சாமி."

கொடுக்க வேறு ஒன்றும் என்னிடம் இல்லை. அவர் ஈர வேட்டியோடு முன் இருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்து, ஈரத் துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு, மெதுவாகச் சரணம் சொல்ல ஆரம்பித்தார். சொற்கள் துண்டு துண்டாக வந்தன. நான் பலகையில் ஏறிப் போர்வையை இழுத்துக்கொண்டேன். ஒருவர் நடுங்கிக்கொண்டிருக்க இன்னொருவர் போர்த்திக்கொண்டு படுப்பது நன்றாக இல்லை. ஆனால் அது சாமி விஷயம், நான் யார் பேச என்று இருந்துவிட்டேன். எனக்கு அது பழகிய பதில்.

கொஞ்ச நேரத்தில் இருக்கையின் ஆட்டம் நின்றது. அவர் நடுங்கின நடுக்கத்தில் அதுவரை இருக்கை கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சத்தம் நின்றதும், அப்பாடா, குளிர் விட்டது என்று நினைத்தேன். அதுதான் மோசமான அறிகுறி என்று பிற்பாடு எங்கள் குடியிருப்புத் தாமான் கிளினிக்கில் ஒருவர் சொன்னார். அப்போது எனக்குத் தெரியாது.

சரணமும் நின்றுவிட்டது. "சாமி, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டேன். பதில் வர நேரமானது.

"பாப்பா பாலு குடிச்சிருச்சா?" என்றார். நாக்குத் தடித்தவர் பேசுவது மாதிரி இருந்தது.

எழுந்து கைப்பேசி வெளிச்சத்தைப் போட்டேன். சட்டைப் பொத்தானை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் பொத்தானைப் பிடிக்காமல் நழுவிக்கொண்டே இருந்தன. "ஒரே புழுக்கமா இருக்கு" என்றார். கையைத் தொட்டேன். பசாரில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. உதடு நிறம் மாறியிருந்தது.

ஈரத் துண்டைப் பிடுங்கி எறிந்தேன். என் போர்வையை அவர் மேல் போட்டேன். அவர் அதைத் தள்ளினார், அந்தத் தள்ளலில் பலமே இல்லை. போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளேயும் சில்லென்றுதான் இருந்தது. ஆறிப்போன சோற்றை மூடி வைத்தால் சூடாகிவிடுமா? அவர் உடம்பில் மூடி வைக்கச் சூடே இல்லை. வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

அந்த மலையில் அந்த நேரத்தில் சூடாக இருந்தது ஒன்றுதான். எங்கள் முதுகுக்குப் பின்னால், கென்வாஸுக்கு அடியில், லோரி நிறைய இருந்தது.

அதை நினைத்ததும் கை ஓடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐயப்பன் படத்தைப் பார்த்தேன். இத்தனை நாளாகக் கால் கழுவி ஏறின இடம். பிள்ளைக்கு ஏதாவது ஆனால், அந்த எரு கேபினுக்குள் வந்ததால்தான் என்று அவர் சாகும்வரை நினைப்பார். நானும் நினைப்பேன். கொண்டுவராமல் விட்டால் என்ன ஆகும் என்பது எதிரே உட்கார்ந்திருந்தது. இறங்கினேன்.

பின்னால் போய் மலாய்க்காரரின் கதவைத் தட்டினேன். நான் முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டினவனே அல்ல. என் மலாய் வேறு தோட்டத்து மலாய். நண்பருக்கு உடம்பு சரியில்லை, மிகவும் குளிர்ந்துவிட்டது, உலர்ந்த துணி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் தம் பைக்குள் கையை விட்டு ஒரு சாரோங்கும் பனியனும் எடுத்தார். துவைத்து மடித்தவை. தொழுகைக்கு வைத்திருந்த சாரோங் என்று பிறகு தெரிந்தது.

"இன்னும் ஒரு உதவி. விளக்குப் பிடிக்க வேண்டும்" என்றேன். நான் கென்வாஸின் ஓரத்தை அவிழ்ப்பது எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. தலையில் கை வைத்தார். நாலைந்து ஓரத்து மூட்டைகளைத் தள்ளிவிட்டு உள்ளே கையை விட்டேன். உள்ளிருந்து வெள்ளை ஆவி குப்பென்று எழும்பி விளக்கு வெளிச்சத்தில் நின்றது. அவர் இருமிக்கொண்டே கையை நீட்டி ஒரு மூட்டையைத் தொட்டார். "பானாஸ்!" என்றார். சூடு! அடுப்பைக் கண்டுபிடித்த மாதிரி கத்தினார். அதற்குப் பிறகு என்னைவிட வேகமாக இழுத்தது அவர்தான். மூக்கைப் பிடிக்க ஒரு கை வேண்டும் என்பதையே மறந்துவிட்டார்.

இரண்டு மூட்டைகளை எடுத்தோம். லோரியில் கிடந்த பிளாஸ்டிக் உறைகளில் ஒவ்வொன்றையும் சுற்றி இறுக்கிக் கட்டினேன். நாற்றம் குறையவில்லை, ஈரம் ஒட்டாது. நான் கேபினில் ஏறி முதலில் ஈர வேட்டியையும் சட்டையையும் கழற்றி, சாரோங்கையும் பனியனையும் மாட்டிவிட்டேன். வளர்ந்த ஆணுக்கு அப்படிச் செய்வது அதுதான் முதல் தடவை. கழுத்து மாலை பனியனில் சிக்காமல் பார்த்துக்கொண்டேன். மலாய்க்காரர் கீழே நின்று கதவு வழியாக முதல் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார்.

வாடை உள்ளே வந்ததும் ஓட்டுநருக்கு நினைவு வந்துவிட்டது. கண்ணைத் திறந்து மூட்டையைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"வேணாம்ணே" என்றார். சாமி என்று சொல்லவில்லை. "உள்ள வேணாம்ணே. பாப்பாவுக்கு ஆயிரும்."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. "டேய் தம்பி" என்றேன். மாலை போட்டவரை அப்படிக் கூப்பிடக் கூடாது. "பாப்பாவுக்கு அப்பன் வேணும்டா. வாய மூடிட்டு படு."

அவர் அழுதாரா, கண்ணில் எருவின் காரம் பட்டதா என்று எனக்குத் தெரியாது. என் கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. அவரை இழுத்துப் பின்பலகையில் படுக்க வைத்தேன். ஒரு மூட்டையை முதுகுக்கு, ஒன்றை வயிற்றுக்கு. நடுவில் என் போர்வையை மடித்து வைத்தேன், நேராகப் பட்டால் தோல் புண்ணாகிவிடும். அவருடைய இரண்டு கைகளையும் மூட்டையின் மேல் எடுத்து வைத்தேன். மாலை போட்ட நாளிலிருந்து எருவைத் தொடாத கை.

மலாய்க்காரர் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வை அன்னே, இல்லாவிட்டால் குளிரில் சாகமாட்டார், நாற்றத்தில் செத்துவிடுவார்" என்றார். அது விளையாட்டு மட்டும் இல்லை. மூடிய இடத்தில் அந்தக் காரம் மூச்சை அடைக்கும். இரண்டு பக்கமும் இரண்டு விரல் அளவு இறக்கினேன். அவர் போகும்போது தம் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். வெறும் வெந்நீர், கடையில் போட்டது அல்ல, வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்று அவரே சொன்னார். எங்கள் தகராறு எவ்வளவு தூரம் அவருக்குப் புரிந்திருந்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அதைத் தம்பிக்கு வாய் வாயாகப் புகட்டினேன். அவர் மறுக்கவில்லை.

முன் இருக்கையில் மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து காத்திருந்தேன். நெடுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் பலகை ஆட ஆரம்பித்தது. மறுபடியும் நடுங்குகிறார். பயந்துவிட்டேன், செய்யக்கூடாததைச் செய்துவிட்டேனோ என்று. அந்த நடுக்கம் நல்லது, உடம்பு திரும்பி வருகிற நடுக்கம் என்பதும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். கொஞ்சம் கொஞ்சமாக அது அடங்கியது. கையை விட்டுப் பார்த்தேன். விரல்களில் சூடு வந்திருந்தது. குறட்டை விட்டார். லோரியில் அவர் குறட்டை விட்டால் எனக்கு எப்போதும் எரிச்சலாக இருக்கும்.

நான் தூங்கவில்லை. படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். துண்டைப் போட்டு மூடிவிடலாமா என்று ஒரு தடவை எழுந்தேன். மூடினால் தப்புச் செய்கிறோம் என்று நானே சொல்வது மாதிரி ஆகும். மூடாமல் உட்கார்ந்துவிட்டேன்.

வெளிச்சம் வருமுன் அவர் எழுந்துவிட்டார். மூட்டைகளை நகர்த்திவிட்டு இறங்கினார். மலாய்க்காரர் கொடுத்த சாரோங்கோடு, வெறுங்காலோடு. வெளியே புகை மாதிரி பனி. குளிப்பதற்காக அவர் எப்போதும் பெரிய புட்டியில் தண்ணீர் வைத்திருப்பார். அதை எடுத்துக்கொண்டு பாதை ஓரத்துக்குப் போனார். நான் பின்னாலேயே இறங்கினேன்.

"குளிக்கக் கூடாது" என்றேன்.

"குளிக்காம எப்படிண்ணே சரணம் சொல்றது? அதுவும் இந்த நாத்தத்தோட?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. குளிக்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. புட்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன், மூடியைத் திறந்து தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். முழுவதும் கொட்டி முடிய நேரமானது. இரண்டு பேரும் அது ஓடுகிற திசையைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"மூட்டைய வெளிய வைக்கவாண்ணே?" என்று அவர் கேட்டார்.

"இன்னும் சூடா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இருக்கட்டும். வெயில் வரட்டும்."

அவர் கேபினில் ஏறி, குளிக்காத உடம்போடு, எரு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துச் சரணம் சொன்னார். தொடக்கத்தில் முணுமுணுப்பாக இருந்தது. பிறகு குரல் எழும்பியது. பின்னால் லோரியில் மலாய்க்காரரின் தொழுகை முடிந்திருந்தது. அவர் தம் கூடைகளின் மேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். சாரோங்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "இனிமேல் அதை நான் கட்டினால் என் மனைவி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்" என்றார்.

அந்த இரவைப் பற்றி நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. விரதம் பெரிதா உயிர் பெரிதா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, இரண்டும் அவருக்கு ஒரே பிள்ளையைப் பற்றியதாக இருந்தது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பக்கத்தில் ஒருவர் நடுங்கும்போது, அது அவர் விஷயம் என்று போர்வையை இழுத்துக்கொண்டு படுப்பதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன், இப்போது அப்படி நினைப்பதில்லை.

அன்று காலையிலேயே இயந்திரம் வந்துவிட்டது. மத்தியானம் பாதை திறந்தது. கம்போங் ராஜாவில் சரக்கை இறக்கிவிட்டு, இராத்திரி சுங்கைப்பட்டாணி வந்து சேர்ந்தோம். அவர் லோரியை, தமக்கு மாலை போட்டுவிட்ட குருசாமி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார். நடந்ததையெல்லாம் சொல்லி, மாலையைக் கழற்ற வேண்டுமா என்று கேட்க வேண்டும் என்றார். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வர ரொம்ப நேரமானது. வந்தபோது மாலை கழுத்தில் இருந்தது.